கட்டளைவரிக் கருவிகளுக்கான வரைகலை முகப்பு

கட்டளைவரிக் கருவிகளுக்கான வரைகலை முகப்பு என்பது, முனையத்தில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து இயக்கவேண்டிய ஒரு நிரலைச் சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றின் வழியே இயக்க உதவும் மென்பொருள் ஆகும். உண்மையான பணியைச் செய்வது பின்னால் இயங்கும் நிரலே. முகப்பு, பயனரின் தெரிவுகளைக் கட்டளையாக மாற்றி அந்நிரலுக்கு அனுப்புகிறது. அது தரும் விளைவைத் திரையில் காட்டுகிறது.

வரலாறு

ஒரு நிரல் ஒரு பணியை மட்டும் செவ்வனே செய்யவேண்டும் என்பது யுனிக்ஸ் மரபு. அத்தகைய சிறு நிரல்களை இணைக்கும் குழாய் வசதி 1973இல் யுனிக்சில் சேர்க்கப்பட்டது. சாளர முறை பரவியபின், பழைய நிரல்களைத் திரும்ப எழுதாமல் அவற்றுக்கு முகப்பு மட்டும் அமைக்கும் வழக்கம் தோன்றியது. ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிசிஎல் மொழியும் (1988) டிகே கருவித்தொகுதியும் (1991) இப்பணியை எளிதாக்கின. கிட் நிரலின் வரலாற்றைப் படமாகக் காட்டும் கிட்கே, இவ்விரண்டையும் கொண்டு எழுதப்பட்டதாகும்.

தமிழ்ச் சூழலில் தேவை

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் (1888–1972) நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. இத்தகைய அச்சு நூலொன்றை வருடி, அதன் படங்களிலிருந்து எழுத்துகளைப் பெற டெசராக்ட் என்னும் கட்டற்ற எழுத்துணரியைப் பயன்படுத்தலாம். எச்பி நிறுவனத்தில் 1985இல் தொடங்கப்பட்ட இந்நிரல், 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. தமிழுக்கான பயிற்சித் தரவும் இதற்கு உண்டு.

ஆனால் டெசராக்டுக்கு எனத் தனிச் சாளரம் இல்லை. நிரலின் பெயர், படக்கோப்பின் பெயர், வெளியீட்டுக் கோப்பின் பெயர், தமிழைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலக் குறி ஆகியவற்றை வரிசையாகத் தட்டச்சுச் செய்யவேண்டும். பக்கத்துக்கு ஒருமுறை இயக்கினால், இருநூறு பக்க நூலுக்கு இதை இருநூறு முறை செய்யவேண்டும்; அதைத் தவிர்க்க, ஒரு சிறுநிரல் எழுதுவது போன்ற வழிகள் தெரிந்திருக்கவேண்டும். பழந்தமிழ் நூலில் பிழை திருத்தும் புலமை உடைய ஆசிரியருக்கு இவை தெரிந்திருக்கவேண்டிய தேவை இல்லை. முகப்பு இல்லையெனில் அவரது உழைப்பு இப்பணிக்குக் கிடைக்காமல் போகும்.

மேலும், பல முனையங்கள் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் வைப்பதால், 'கொ' போன்று இருபுறமும் குறி பெறும் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். சாளரத்தில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

இயங்கும் முறை

முகப்பை இரு வழிகளில் அமைக்கலாம்.

முதல் வழி, கருவியின் நிரலகத்தை நேரடியாக அழைப்பது. டெசராக்டுக்கான ஜிஇமேஜ்ரீடர் இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் வழி, கருவியைச் சேய்ச் செயலாக இயக்குவது. கருவி தன் விளைவை இயல்பு வெளியீட்டிலும், பிழைச்செய்திகளைப் பிழை வெளியீட்டிலும் எழுதும். முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அது 0 எனில் வெற்றி. வேறு எண் எனில் பொதுவாகத் தோல்வி. இவ்வழியே எளிது, பைத்தான் போன்ற மொழிகளில் சில வரிகளில் எழுதிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

கட்டளையை ஒரே சரமாக ஒட்டி உருவாக்குதல் கூடாது. 'நாமக்கல் கவிஞர் 01' என்ற கோப்புப்பெயரை இடைவெளி காரணமாக ஓடு மூன்று பெயர்களாகக் கொள்ளும். தீய நோக்குடன் வைக்கப்பட்ட பெயரெனில், அதிலுள்ள வேறொரு கட்டளையே இயங்கிவிடலாம். ஒவ்வொரு உறுப்பையும் பட்டியலாகத் தனித்தனியே அனுப்புவதே பாதுகாப்பான முறை.

கருவி முடியும்வரை முகப்பின் முதன்மை இழை காத்திருந்தால் சாளரம் உறைந்துவிடும். எனவே கருவியைப் பின்னணியில் இயக்கவேண்டும். அதன் வெளியீட்டைத் தொடர்ந்து படிக்கவும் வேண்டும். படிக்காவிடில் குழாய் நிரம்பி, கருவியும் நின்றுபோகும்.

பிழை வெளியீட்டில் ஏதேனும் வந்தாலே தோல்வி எனக் கருதலாகாது. எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தையே அங்குதான் எழுதுகிறது. வெற்றி தோல்வியை முடிவு எண்ணைக் கொண்டே அறியவேண்டும்.

மனிதர் படிப்பதற்கான செய்திகளின் சொற்கள் பதிப்புக்கும் மொழிக்கும் ஏற்ப மாறும். கருவி, இயந்திரம் படிப்பதற்கான நிலையான வடிவம் தருமெனில் அதையே பயன்படுத்தவேண்டும். கிட் நிரலில் இவ்வசதி உண்டு.

நன்மைகளும் குறைகளும்

கட்டளைத் தெரிவுகள் ஆங்கிலத்தில் இருந்தாலும், முகப்பின் பொத்தான்களும் செய்திகளும் தமிழில் இருக்கலாம். கருவியின் மூலநிரலைத் தொடாமலே இது இயலும். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளி மாணவரும் அதனால் கட்டற்ற கருவிகளைப் பெற்றனர். கருவி கையில் இருப்பதும் அதனை இயக்க இயல்வதும் வேறு வேறு. அவ்விடைவெளியை முகப்பு குறைக்கிறது.

மறுபுறம், முகப்பு கருவியின் எல்லாத் தெரிவுகளையும் காட்டுவதில்லை. கருவியின் புதிய பதிப்பால் முகப்பு இயங்காமலும் போகலாம். ஒரே பணியைத் தானியங்கியாகப் பலமுறை செய்யக் கட்டளைவரியே ஏற்றது. ஆகவே சில முகப்புகள், தாம் இயக்கும் கட்டளையைச் சாளரத்திலேயே காட்டுகின்றன. இதனால் பிழையின் காரணத்தைக் கண்டறியலாம். மாணவர் நாளடைவில் அக்கட்டளையையே கற்றுக்கொள்ளவும் இயலும்.