கட்டில் இப்போது யார் வீட்டில்?

மணவாளக்குறிச்சிக்காரர்களுக்குப் பெரிய வியாதி என்று வந்தால் நெய்யூர், ஆசாரிபள்ளம், அதையும் தாண்டினால் திருவனந்தபுரம். நெய்யூர் ஆஸ்பத்திரி 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மிஷன் டாக்டர் தொடங்கியது. ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது 2001-இல். வைத்தியம் அங்கெல்லாம் நடக்கும். ஆனால் ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் முடிந்தபின் வரும் மாதங்கள் சின்னவிளையிலோ கடியப்பட்டணத்திலோ நோயாளியின் வீட்டில்தான் கழியும். அப்போது மருந்துக்குச் சமமாகச் சாமான்களும் வேண்டும்: தலைமாட்டை உயர்த்தும் கட்டில், படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட், வீல் சேர், வாக்கர், சளி உறிஞ்சும் மெஷின், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். நாலு மாதத் தேவைக்கு இவற்றை விலைக்கு வாங்குவது பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் பிறகு மச்சில் கிடந்து துருப்பிடிக்கும், கடல்காற்று வேறு.

இதற்கு இரவல்தான் நல்ல வழி. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரணப் பணி கேரளத்தில் ஊருக்கு ஊர் பரவியபோது, சாமான்களை வீட்டுக்குக் கொடுத்து வாங்கும் பழக்கமும் கூடவே பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள்.

கொடுப்பது சுலபம். கொடுத்தது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் பாடு. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் நுழைந்த ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம்கள் பலவற்றில் இந்தக் கணக்கு ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் எழுதப்பட்டது. உள்ளூர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போயிருப்பார். புரோகிராம் மட்டும் அசையாமல் ஓடிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்புக்கான ஆதரவை 2015 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. இன்று அதை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?” என்னைக் கேட்டால் அது மூன்றாவதோ நான்காவதோ கேட்கவேண்டிய கேள்வி. முதலில் பார்க்கவேண்டியது பழைய கணக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை.

இப்படிப்பட்ட பழைய கணக்குகளில் பெரும்பாலும் ஒரு சாமானுக்கு ஒரே வரிதான். கட்டில் எண் 14, யாரிடம்: இன்னார், கொடுத்த தேதி. கட்டில் திரும்பி வந்ததும் பெயரை அழித்து ‘ஸ்டோர்’ என்று அடிப்பார்கள். மறுவாரம் இன்னொரு வீட்டுக்குப் போனால் அந்தப் பெயர் ஏறும். முந்தைய வீடு கணக்கிலிருந்தே மறைந்துவிட்டது. பேங்க் பாஸ்புக்கில் வரவு செலவை விட்டுவிட்டு மீதியை மட்டும் அடித்துக் கொடுத்தால் நாம் ஒத்துக்கொள்வோமா? வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பு இன்சார்ஜ் சிஸ்டர் கையால் எழுதிய நோட்டு இந்தத் தப்பைச் செய்யவில்லை. அதில் போனதற்கு ஒரு வரி, வந்ததற்குக் கையெழுத்து என்று எல்லாம் இருந்தது.

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இன்றைய டேட்டாபேஸ்களின் அடிப்படை வருகிறது. அந்த வழியில் நம் ஸ்டோருக்கு மூன்று பட்டியல்கள் போதும். ஒன்று, சாமான்கள். இரண்டு, நோயாளிகளும் வீடுகளும். மூன்றாவதுதான் உயிர்நாடி: இரவல்கள். அதில் ஒரு வரி என்பது சாமானின் எண், வீட்டின் எண், போன தேதி, வந்த தேதி. கட்டில் இப்போது எங்கே என்பதை யாரும் எங்கும் எழுதிவைப்பதில்லை. வந்த தேதி காலியாக இருக்கும் வரியைத் தேடினால் விடை தானாக வரும். எழுதாத ஒன்றில் தப்பு வர வழியில்லை அல்லவா?

இப்படி எழுதினால், முன்பு கேட்கவே முடியாதிருந்த கேள்விகளைக் கேட்கலாம். கான்சென்ட்ரேட்டரை எடுத்துக்கொள்வோம். அறைக் காற்றை அழுத்தி ஜியோலைட் மணிகளுக்குள் செலுத்துகிறது; நைட்ரஜனை மணிகள் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் வெளியே வருகிறது. ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது. கடற்கரை வீட்டில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மெஷின் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அதன் மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்து இரவல் வரியில் குறித்தால், எதற்குச் சீக்கிரம் சர்வீஸ் வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, குமரி மாவட்டம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது. அப்படி ஒரு ராத்திரியில் கரண்டை நம்பி மூச்சுவிடுபவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், சிலிண்டர் முதலில் யாருக்குப் போகவேண்டும்? புயல் எச்சரிக்கை வந்ததுமே அந்தப் பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்து ஆம்புலன்ஸில் வைத்துவிட வேண்டும். கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் போகும்.

பழைய தரவை இடம் மாற்றுவதுதான் நாள் பிடிக்கும் வேலை. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு வரியை ‘டெலீட்’ செய்தால் அது போய்விடாது. ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். அஜாக்கிரதையாக நகல் எடுத்தால் என்றோ கண்டம் செய்து ஏலத்தில் போன வீல் சேர்கள் எல்லாம் எழுந்து வந்து நிற்கும். தேதிகள் இன்னொரு கண்ணி. 03/04/2012 என்பது நமக்கு ஏப்ரல் 3; அமெரிக்க வழக்கத்தில் அமைத்த எக்ஸெலுக்கு மார்ச் 4. நாள் 12-ஐத் தாண்டும் தேதிகள் மட்டும் தப்பு என்று கண்ணில் படும். மற்றவை சத்தமில்லாமல் மாறியிருக்கும். பெயர்களைத் தமிழில் அடித்த இடங்களில் வேறு தலைவலி. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். யூனிகோடுக்கு மாற்றாமல் கொண்டுவந்தால் நோயாளிகள் எல்லோருக்கும் புரியாத பெயர் வந்துவிடும். முகவரிக்கு முப்பது எழுத்து இடம்தான் விட்டிருந்தால், ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும்.

எவ்வளவு சுத்தம் செய்தாலும் கணக்கு சொல்வதும் ஸ்டோரில் நிற்பதும் ஒத்துப்போகாது. அகில இந்திய அளவிலேயே அதுதான் கதை. அரசு மருத்துவமனைகளின் கருவிகளை நாடு முழுக்க எண்ணிப் பார்த்தபோது 29,115 நிலையங்களில் 7,56,750 கருவிகள் இருந்தன. மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யவில்லை. ஆகவே புது சாஃப்ட்வேருக்கு முன் ஒரு முழு எண்ணிக்கை நடக்கவேண்டும். ஒவ்வொரு சாமானிலும் எண் பொறித்த உலோகத் தகடு வைக்கவேண்டும். காகித ஸ்டிக்கர் டெட்டால் துடைப்புக்கு ஒரு மாதம் தாங்காது. வீடுகளில் இருப்பவற்றுக்கு, அடுத்த தடவை போகும் நர்ஸே தகடு பொருத்தலாம்.

புது சாஃப்ட்வேர் விற்பவர்கள் பெருமையாகக் காட்டுவது தானியங்கி நினைவூட்டல்: கெடு தாண்டினால் போனுக்கு மெசேஜ் போகும். நூலகப் புத்தகத்துக்கு அது சரி. இங்கே இரவல்கள் பலவும் ஒரு சாவில் முடிகின்றன. காலையில் அடக்கம், மாலையில் ‘கட்டிலை உடனே ஒப்படைக்கவும்’ என்று மெசேஜ் வந்தால் அந்த வீட்டில் எப்படி இருக்கும்? கட்டிலைக் கொண்டுவர வேண்டுமே என்று பதறிப்போய் மகன் கூப்பிட்டாலும், “கட்டிலுக்கு அவசரம் இல்ல அண்ணே, அடியந்திரம் கழியட்டு” என்றுதான் சிஸ்டர் சொல்வார். மெஷினுக்கு அந்த விவரம் தெரியாது. நோயாளி தவறிவிட்டார் என்று குறித்த நிமிடமே அந்த வீட்டுக்குப் போகும் மெசேஜ்கள் அத்தனையும் நிற்கவேண்டும். சிஸ்டரின் பட்டியலில் மட்டும் ‘பிறகு கூப்பிடவும்’ என்று ஒரு வரி ஏறவேண்டும். டெண்டரில் இதை எழுதாவிட்டால் யாரும் தானாகச் செய்து தரமாட்டார்கள்.

மாற்றும் மாதத்தில் இரண்டு கணக்கையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கும். ஸ்டோர்காரருக்கு அது இரட்டை வேலை. அதற்கு ஒரு ஆள் கூடுதலாகக் கொடுக்காவிட்டால் இரண்டும் அரைகுறையாகும். வெளியே இருக்கும் சாமான்களின் வரிகளை மட்டும் புதியதில் ஏற்றினால் போதும். மற்ற பழைய வரிகள் பழைய கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். அதில் யாரும் புதிதாக எழுதமுடியாதபடி பூட்டி, நகல் ஒன்று எடுத்து, ஆடிட் கேட்டால் காட்ட அந்த மூலையிலேயே வைத்துக்கொள்ளலாம்.