கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைச்சுற்று அமைப்பும் அதன் பழுதுநீக்கமும்

கார், ஜீப் போன்ற வாகனங்களின் கதவுக் கண்ணாடியை மின்சாரமின்றிக் கையால் சுற்றி ஏற்றவும் இறக்கவும் பயன்படும் பொறியமைப்பு கண்ணாடி ஏற்றி எனப்படும். பட்டறைகளில் இதனை 'விண்டோ மெஷின்' என்றோ 'ரெகுலேட்டர்' என்றோ சொல்வார்கள். வெளியே தெரிவது கைப்பிடி மட்டுமே. மற்ற உறுப்புகள் அனைத்தும் கதவின் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையே மறைந்திருக்கின்றன. அதனால்தான் இதைப் பற்றிப் பலருக்கும் தெரிவதில்லை. கைப்பிடி சுற்றாமல் நின்ற பிறகே கவனிக்கிறார்கள்.

இந்தியாவில் ஜீப் வாகனங்கள் 1947 முதல் மகிந்திரா நிறுவனத்தால் பூட்டி விற்கப்பட்டன. அந்தத் திறந்த ஜீப்புகளில் கண்ணாடி ஏற்றிக்கு வேலை இல்லை. மழை வந்தால் பக்கவாட்டில் கித்தான் திரையை இழுத்து மாட்டினால் போதும். 1994இல் வந்த டாடா சுமோ, 2000இல் வந்த மகிந்திரா பொலேரோ போன்ற மூடிய வண்டிகள் பெருகியபோது, விலை குறைந்த வகைகளில் கைச்சுற்றுக் கண்ணாடி பரவலானது. பிரெஞ்சுக்காரர்களின் எளிய காரான சிட்ரோயன் 2சிவி (1948 முதல் 1990 வரை உற்பத்தியானது) இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அதன் முன்கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பாதியை வெளிப்புறமாக மேலே மடித்து விட வேண்டியதுதான். பொறியே இல்லாத இடத்தில் பொறி கெடுவதும் இல்லை!

பழைய பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான புதுச்சேரி நகரில், கடற்கரைச் சாலையிலிருந்து சில தெருக்கள் தள்ளி நிறுத்தப்படும் வண்டிக்கும் உப்புக்காற்றிலிருந்து விடுதலை கிடையாது. 'பிஒய் 01' எண் பலகையுடன் பல ஆண்டுகள் ஓடிய பொலேரோ, சுமோ வண்டிகளில் கதவின் அடிவிளிம்பு துருப்பிடித்திருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. கண்ணாடி ஏற்றியின் பழுதுக்கும் அந்தத் துருவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இயங்கும் விதம்

கண்ணாடி ஏற்றியில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. ஒன்று கை வகை. மற்றொன்று கம்பிவட வகை.

கை வகையில் கைப்பிடியின் அச்சில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கும். அது, விசிறி போல ஒரு பகுதி மட்டும் பல் வெட்டிய பெரிய தகட்டைச் சுழற்றும். அந்தத் தகட்டோடு இணைந்த நீண்ட கையின் நுனியில் சிறிய உருளை ஒன்று உண்டு. கண்ணாடியின் அடியில் பொருத்தப்பட்ட காடிக்குள் இந்த உருளை நகர்ந்துகொண்டே கண்ணாடியை மேலே தள்ளும். கண்ணாடி சாயாமல் நேராக ஏற, பல வண்டிகளில் இரண்டு கைகள் கத்தரிக்கோல் போலக் குறுக்காக அமைந்திருக்கும். கம்பிவட வகையில் கைக்குப் பதிலாக ஓர் உருளிப்பெட்டியில் சுற்றிய எஃகுக் கம்பிவடம், கண்ணாடியைப் பிடித்துள்ள தாங்கியை மேலும் கீழும் இழுக்கும்.

சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றுவதால் நமக்குக் கிடைக்கும் நன்மையை ஒரு கணக்கால் விளக்கலாம். கண்ணாடியின் எடை 3.5 கிலோ, அது ஏற வேண்டிய உயரம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 14 ஜூல். கைப்பிடியின் நீளம் 12 செ.மீ., முழுவதும் ஏற்ற நான்கு சுற்று தேவை என்றால், கை நகரும் தூரம் ஏறக்குறைய 3 மீட்டர். உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கை கொடுக்க வேண்டிய விசை 4.6 நியூட்டன், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையைத் தூக்கும் அளவே. பெரும்பாலான வண்டிகளில் இதையும் குறைக்க, விசிறித் தகட்டில் ஒரு சுருள்வில் பொருத்தியிருப்பார்கள். கண்ணாடி இறங்கும்போது அது முறுக்கேறும். ஏறும்போது தன் பங்குக்கு உதவும். ஒரு சிறுவன் இரண்டு விரலால் சுற்ற வேண்டிய கைப்பிடியைப் பெரியவர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுகிறார் என்றால், மீதி விசை முழுவதும் உராய்வோடு போராடுகிறது என்று பொருள்.

கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி நகர்கிறது; ஆனால் கண்ணாடியை மேலிருந்து அழுத்தினால் கைப்பிடி சுற்றுவதில்லை. இது எப்படி? அச்சைச் சுற்றி, அசையாத ஓர் உருளைக் கிண்ணத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் சிறு சுருள்வில்தான் காரணம். கைப்பிடியின் பக்கமிருந்து வரும் விசை வில்லின் முனைகளைத் தள்ளி அதன் விட்டத்தைச் சுருக்கும்; வில் கிண்ணத்தை விட்டு விலகிச் சுழலும். கண்ணாடியின் பக்கமிருந்து வரும் விசை அதே முனைகளை எதிர்த்திசையில் தள்ளி வில்லை விரிக்கும். அது கிண்ணத்தின் சுவரைப் பற்றிக்கொள்ளும். மேடுபள்ளச் சாலையில் கண்ணாடி தானாக இறங்கினால் இந்த வில் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழுது எங்கே தொடங்குகிறது?

கதவுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மழைநீர் கண்ணாடியின் வெளிப்பக்கம் வழிந்து கதவின் உள்ளே இறங்கத்தான் செய்யும். கதவு அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அடிவிளிம்பில் உள்ள சிறு வடிகால் துளைகள் வழியே அது வெளியேறிவிடும். மணலும் இலைத்தூளும் சேர்ந்து அந்தத் துளைகள் அடைபட்டால் கதவே ஒரு தொட்டியாகிவிடும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால், கண்ணாடியின் அடியில் உள்ள காடியும் உருளையும் துருப்பிடிக்கும்.

மற்றொரு காரணம் ரப்பர். கண்ணாடியின் இரு ஓரமும் ஓடும் ரப்பர் தடத்தைப் பட்டறையில் 'பீடிங்' என்பார்கள். வெயிலில் அது காய்ந்து இறுகும். மணல் படிந்தால் உப்புத்தாள் போலாகும். பெரும்பாலும் முதலில் கெடுவது இந்தத் தடமே, ஏற்றி அல்ல. இறுகிய தடத்தை மீறிக் கைப்பிடியை அழுத்திச் சுற்றும்போதுதான் பல் தேய்கிறது, கைப்பிடியின் உட்பல் வழுக்குகிறது, கம்பிவடம் பிரிகிறது. தடத்தைக் கவனிக்காமல் புதிய ஏற்றியை மட்டும் மாட்டினால் அதுவும் விரைவில் அதே வழியில் போகும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நகரில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் கூடுதலாக மழை பெய்தது. தெருக்களில் வெள்ளம் நின்றது. கதவின் அடிப்பகுதி வரை இப்படி நீரில் நின்ற வண்டியில், எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டுக் கதவை மறந்துவிடுவது வழக்கம். உள்ளே தங்கிய சேறு பிறகு ஏற்றியை மெதுவாக அரிக்கும்.

திறப்பதற்கு முன்

கைப்பிடி இலகுவாகச் சுற்றியும் கண்ணாடி அசையாவிட்டால், கைப்பிடியின் உட்பல் தேய்ந்திருக்கலாம். அல்லது உருளை காடியை விட்டு வெளியே வந்திருக்கலாம். புதிய கைப்பிடி மிகவும் மலிவு என்பதால் முதலில் அதைச் சோதிப்பது நல்லது. சுற்றுவது கடினமாக இருந்தால் ரப்பர் தடத்தைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் உருளையோ காடியோ கெட்டிருக்கும். சுற்றும்போது நறநறவென்று சத்தம் வந்தால் கம்பிவடத்தின் இழைகள் பிரியத் தொடங்கியிருக்கலாம்.

பழுதுநீக்கும் முறை

கைப்பிடியை அதன் பின்னால் உள்ள குதிரைலாட வடிவக் கிளிப் பிடித்திருக்கும். ஒரு பழைய துணிப்பட்டையைக் கைப்பிடிக்கும் அதன் வட்டத்துக்கும் இடையே நுழைத்து, காலணிக்குப் பாலிஷ் போடுவது போல இருபுறமும் மாறி மாறி இழுத்தால் கிளிப் வெளியே துள்ளும். அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் கிளிப்புக்குப் பதில் ஒரு திருகாணி இருக்கும். கழற்றுவதற்கு முன், கண்ணாடி முழுவதும் ஏறிய நிலையில் கைப்பிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது முழங்காலில் இடிக்காது.

கைதாங்கியின் திருகாணிகளைக் கழற்றிய பின், கதவின் உட்பலகையை ஓரமாக மெதுவாக நெம்பினால் பிளாஸ்டிக் கிளிப்புகள் விடுபடும். அதன் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தெரியும். அவசர வேலையில் இதைக் கிழித்து எறிந்துவிடுவோர் உண்டு. அது பெரிய தவறு. கதவுக்குள் வழியும் நீர் உட்பலகையை நனைக்காமலும் வண்டியின் தரைக்கு வராமலும் தடுப்பது இந்தத் தாள்தான். பசையோடு பொறுமையாக உரித்து, வேலை முடிந்ததும் மீண்டும் ஒட்ட வேண்டும். கிழிந்திருந்தால் தடித்த பாலித்தீன் தாளை அதே அளவில் வெட்டி ஒட்டலாம்.

இப்போது கைப்பிடியைத் தற்காலிகமாக மாட்டிச் சுற்றி, உள்ளே எது நகர்கிறது, எது நகரவில்லை என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம். ஏற்றியைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்தால், கண்ணாடியை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தின் மேல் வழியாக இருபுறமும் அகலமான ஒட்டுப்பட்டைகளால் கட்டி நிறுத்த வேண்டும். பக்கக் கண்ணாடி கடினமாக்கப்பட்டது. விளிம்பில் ஓர் அடி பட்டாலும் முழுவதும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இனிதான் வருகிறது. விசிறித் தகட்டில் உள்ள சுருள்வில் முறுக்கேறிய நிலையில் இருக்கலாம். கண்ணாடியின் எடையும் கதவின் பிடிப்பும் நீங்கியதும், பல்சக்கரத்தை விடுவித்தால் அந்தக் கை திடீரென்று சுழன்று விரலை நசுக்கக்கூடும். வெட்டுக்காயம், எலும்பு முறிவு இரண்டுக்கும் இடமுண்டு. எனவே விசிறித் தகட்டையும் பின்தகட்டையும் சேர்த்து ஒரு போல்ட்டால் இணைத்தோ, வலுவான பிடிகருவியால் இறுக்கியோ அசையாமல் செய்த பின்பே மற்ற உறுப்புகளைத் தொட வேண்டும். பல் மாற்றும் வேலையைப் பழக்கமில்லாதவர் வீட்டில் செய்யாமல் பட்டறையில் கொடுப்பதே சரி.

ஏற்றியின் போல்ட்டுகளைக் கழற்றி, உருளையைக் காடியின் முனை வழியே விடுவித்து, கதவின் கீழ்த்திறப்பு வழியாக வெளியே எடுக்கலாம். சில ஏற்றிகள் ரிவெட் அடிக்கப்பட்டவை. அவற்றைத் துளையிட்டு நீக்க வேண்டும். துரு மட்டும் இருந்தால் சுத்தம் செய்து திரும்ப மாட்டலாம். பல் உடைந்தாலோ கம்பிவடம் பிரிந்தாலோ முழு ஏற்றியையும் மாற்றுவதே நல்லது. இடக்கதவின் ஏற்றி வலக்கதவுக்குப் பொருந்தாது. கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். காயலான் கடையில் வாங்கினால் விசிறிப் பல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணாடி மேலே முட்டும் நிலையில் பொருந்தும் பற்களே பெரும்பாலும் அதிகம் தேய்ந்திருக்கும்.

பல்லுக்கும் உருளைக்கும் வெள்ளை கிரீஸ் போதும். ரப்பர் தடத்துக்கு கிரீஸோ எஞ்சின் ஆயிலோ கூடாது. அவை ரப்பரை ஊத வைக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவோர் உண்டு. இரண்டு நாள் வழுக்கும், பிறகு மணல் ஒட்டிப் பழைய நிலையைவிட மோசமாகும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு சிலிக்கான் தெளிப்பு பயன்படுத்துவதே முறை. வெடித்துப்போன தடத்தை மாற்றிவிட வேண்டும்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை முதலில் பாதி மட்டும் இறுக்கி, கண்ணாடியை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி, அது தன் தடத்தில் சீராக அமர்ந்த பின் முழுவதும் இறுக்க வேண்டும். எடுத்தவுடன் இறுக்கினால் கண்ணாடி கோணலாக நின்றுவிடும். உட்பலகையை மூடுவதற்கு முன், ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஊற்றி, அது கதவின் அடித்துளை வழியே சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சொட்டாவிட்டால் பழைய சைக்கிள் கம்பியின் முனையை மழுக்கித் துளையைக் குத்திவிடலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், புதுச்சேரியில் இந்தச் சோதனையைச் செப்டம்பர் மாதத்தில் நான்கு கதவுகளுக்கும் செய்துவிடுவது நல்லது; அதற்கு உட்பலகையைக் கழற்ற வேண்டியதில்லை.