பிரித்தால் சரக்கு, கலந்தால் குப்பை

உளுந்தும் பாசிப்பயறும் ஒரே சாக்கில் கலந்து வந்தால் அந்தச் சாக்கு விலை போகாது என்பதை வணிகப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக் கழிவும் அப்படித்தான். பிரித்து வைத்தால் அது சரக்கு. கலந்து கொட்டினால் வெறும் குப்பை.

ஒக்கூர் போன்ற நம் ஊர்களில் முன்பு குப்பை ஒரு பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. சாணமும் சருகும் எருக்குழிக்குப் போயின. கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டுக்குப் போயின. காலிச் சாக்கு, எண்ணெய் டின், சோடா பாட்டில் ஆகியவை கடைக்கே திரும்பி வந்தன. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கும் வியாபாரி தெருவுக்கே வந்தார். மறுசுழற்சி என்ற சொல் வழக்கத்துக்கு வரும் முன்பே அந்தத் தொழில் நம்மிடம் இருந்தது. பிறகு பிளாஸ்டிக் பையும் பாக்கெட்டும் வந்தன. அவை பெரும்பாலும் நம் கடைகளின் வழியாகத்தான் வீடுகளுக்குள் நுழைகின்றன.

கலப்பதால் வரும் நட்டம்

குழம்பு பட்ட காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுப்பதில்லை. பிளாஸ்டிக் கலந்த எருவை விவசாயி வயலில் இறைப்பதில்லை. இப்படி விலை போகாதவை எல்லாம் குவிந்து, அடியில் காற்றின்றி அழுகி, மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. தீ வைத்து எரித்தால் நச்சுப் புகை வருகிறது.

நமது வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாயும் ஊருணியுமே ஆதாரம். வரத்துக்காலைப் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டால் பெய்த மழையும் ஊருணிக்கு வந்து சேராது. கால்நடைகளுக்கும் கேடுதான். 2019 அக்டோபரில் சென்னையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கைக் கால்நடை மருத்துவர்கள் அறுவை செய்து அகற்றினார்கள்.

பிரிப்பதால் வரும் இலாபம்

ஈரக் கழிவு சில மாதங்களில் உரமாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சாரம், எரிபொருளில் சுமார் 95 சதவீதம் மிச்சமாகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, சூடான ஜல்லியின் மேல் உருகிப் படியச் செய்து, தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டறிந்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இதற்கும் பிரித்தெடுத்த, சுத்தமான பிளாஸ்டிக்தான் வேண்டும்.

கடையில் செய்யக்கூடியவை

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஆனாலும் பை கொடுக்காத கடையை விட்டு வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்ற அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. அது நியாயமான அச்சமே. ஒரு கடை மட்டும் செய்தால் நட்டம் வரலாம். ஊர்க்கடைகள் எல்லாம் ஒரே நாளில் தொடங்கினால் யாருக்கும் நட்டமில்லை. எனவே சங்கத்தின் வழியாகக் கீழ்க்கண்டவற்றைச் செய்வோம்:

1. துணிப்பையை அடக்க விலைக்கே கொடுப்போம். பையோ பாத்திரமோ கொண்டு வருபவருக்கு முதலில் சரக்குப் போடுவோம்.

2. அட்டைப் பெட்டி, சாக்கு, காகிதம், பாட்டில் ஆகியவற்றை நனையாமல் தனியே கட்டி வைத்து விற்போம். அழுகிய காய்கறியை உரக்குழிக்கு அனுப்புவோம்.

3. காலிப் பாட்டில், டின் முதலியவற்றுக்கு ஒரு தொகை வைத்துத் திரும்பப் பெறுவோம். நீலகிரி மாவட்டத்தில் 2022-இல் மது பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறை வந்தது. விலை உள்ள பொருளை யாரும் காட்டில் வீசுவதில்லை.

4. ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தே கொடுப்போம். கடைக்கு முன்னால் எரிப்பதை அறவே நிறுத்துவோம்.

கொடுத்த சரக்குக்கு நாம் கணக்கு வைக்கிறோம். அதோடு போன பைக்கும் உறைக்கும் இனி கணக்கு வைப்போம். ஊருணியில் தண்ணீர் நின்றால்தான் ஊரில் குடி நிற்கும். குடி நின்றால்தான் கடையும் நிற்கும்.