புது பிரேக் போட்ட பிறகும் பெடல் இறங்குகிறதா?

மேல்விஷாரத்தில் ஒர்க்‌ஷாப்பை விட்டு வண்டி வெளியே வந்தால், அடுத்த சில நிமிடங்களில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைதான். ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் தோல் ஏற்றிப் போகும் வண்டிகள், ஷேர் ஆட்டோக்கள், சாலையைக் கடக்கும் பிள்ளைகள். பிரேக்கைச் சோதித்துப் பார்க்க இங்கே காலிச் சாலை கிடையாது. அதனால்தான், டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டிய கையோடு மெக்கானிக் சொல்லும் "ஓட ஓட செட் ஆயிடும்" என்ற வார்த்தையை நம்பிச் சாவியை வாங்கிவிடாதீர்கள்.

புது பிரேக் பேட் டிஸ்க்கோடு உராய்ந்து பழகச் சில நாள் ஆகும் என்பது உண்மை. அதனால் பிடிமானம்தான் கூடும். லைனுக்குள் மாட்டிக்கொண்ட காற்று எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் தானாக வெளியேறாது. பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஈரத் துணி மூட்டையை மிதிப்பது போல் பெடல் மெத்தென்று இறங்கினால், உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் காற்றிலேயே தீர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். பெடலை இரண்டாம் முறை மிதித்துப் பிடிக்க அரை நொடி போனாலே எட்டு மீட்டர் போய்விட்டது.

வண்டி நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்தி, பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீரும்வரை பெடலை நாலைந்து முறை அழுத்துங்கள். பிறகு மெதுவாக மிதித்து அப்படியே பிடியுங்கள். காலின் அழுத்தம் கூடாமலே பெடல் கீழே இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் போய்விட்டது. பம்ப் செய்யச் செய்ய மேலேறி, ஆனாலும் ஸ்பிரிங் போல் அசைந்தால், காற்று. பம்ப் செய்ததும் உயர்ந்து கல்லாக நின்றால், பின் டிரம் ஷூவில் இடைவெளி அதிகமாக இருக்கலாம். அதை அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

நாலு முறை ஏர் எடுத்தும் சரியாகவில்லை என்றால், குனிந்து காலிப்பரைப் பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் அதன் மேற்பகுதியில் இருக்க வேண்டும். இடது பக்கக் காலிப்பரை வலது பக்கம் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே நிற்கும், ஆயில் கீழ்வழியே வந்துகொண்டிருக்கும். பாட்டில் பாட்டிலாக ஊற்றினாலும் அந்தக் குமிழி அங்கேயே இருக்கும்.

இன்னொரு காரணம் கணக்கில் இருக்கிறது. 34 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 48 மில்லிமீட்டர் பிஸ்டன் கொண்ட காலிப்பர் போட்டால், அதன் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைத் தள்ள ஆயிலும் இரண்டு மடங்கு வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் பெடல் நீளமாகப் போகத்தான் செய்யும். காலிப்பரை மட்டும் விற்று, மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேசாத கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அதன் யூனிட்டுக்குள் சிக்கிய காற்றை எடுக்கப் பல நேரம் ஸ்கேனர் தேவைப்படும்.

நம் பகுதிக்கென்று ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. உப்புத் தோல் ஏற்றும் வண்டிகளில் உப்புநீர் வடிந்து, அடியிலுள்ள இரும்பு பிரேக் பைப்பையும் நிப்பிளையும் துரு தின்கிறது. புது டிஸ்க்கை இந்தப் பழைய பைப்போடும், அழுத்தினால் வீங்கும் பழைய ரப்பர் ஹோஸோடும் இணைப்பது அரைவேலை. ஆயிலும் சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து உங்கள் கண்முன் ஊற்றப்பட வேண்டும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரம் உறிஞ்சியபின் அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் மறுபடி அதே மெத்தென்ற பெடல்.

சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரோடு, ஓட்டச் சொன்னவரையும் ஓட்டவிட்டவரையும் பொறுப்பாக்குகிறது. அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தப் பழுதால் விபத்து நடந்து காயமோ சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பெடல் இறங்குது, வண்டியை எடுக்க முடியாது" என்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை. எஃப்.சி. இருக்கிறதே என்பதும் பதிலாகாது. அது சோதித்த அன்றைய நிலைக்குத்தான்.

வேறு மாடல் பாகத்தை வெட்டி, வெல்டிங் வைத்து மாட்டுவது தனிச் சிக்கல். தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது குறுக்கே வரலாம்.

வேலை சரியில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் கட்டணம் இல்லை. லோடு வண்டி என்றாலே வணிகம், வழக்கு நிற்காது என்று பயமுறுத்துவார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவரை நுகர்வோராகவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கிறது.

இதற்கெல்லாம் பில் வேண்டும். பாகத்தின் பெயர், கூலி, வண்டி எண், தேதி நாலும் அதில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதானால் வண்டியை ஓட்டாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்; அங்கே பிரிப்பதற்கு முன் பெடல் இறங்குவதை வீடியோ எடுத்து, என்ன கோளாறு என்று அவர்களிடம் எழுதி வாங்குங்கள். பிரித்து மாட்டிய பிறகு, முதலில் யார் தப்பாக மாட்டினார் என்று காட்டுவது மிகவும் கடினம்.