புட்டிங் வாங்கினா ப்ளேன் டிக்கெட்... மளிகை வாங்கினா ரயில் டிக்கெட்?

ஒரு மனுஷன் 12,150 கப் புட்டிங் வாங்கியிருக்கார். கல்யாண வீட்டுக்கா? இல்லை. ஹோட்டல் நடத்துறாரா? அதுவும் இல்லை. ஓசியில ப்ளேன் ஏறத்தான்!

பேரு டேவிட் ஃபிலிப்ஸ். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து டேவிஸ் நகரத்துக்காரர். நம்ம இனம்தான் பாஸ், இன்ஜினீயர்! 1999-ல 'ஹெல்த்தி சாய்ஸ்'ங்கிற சாப்பாட்டுக் கம்பெனி ஒரு ஆஃபர் விட்டுச்சு. தங்களோட சரக்குல இருக்கிற பார்கோடை வெட்டி 10 அனுப்பினா 500 விமான மைல். மே மாசத்துக்குள்ள அனுப்பினா டபுள், அதாவது 1000 மைல். எல்லாரும் படிச்சுட்டு அடுத்த பக்கம் புரட்டிட்டாங்க. இவர் மட்டும் பேனாவை எடுத்தார். 'இந்தக் கம்பெனி சரக்குல ரொம்ப மலிவா பார்கோடோட வர்றது எது?'ன்னு தேடினார். தள்ளுபடிக் கடை ஒண்ணுல 25 சென்ட்டுக்கு புட்டிங் கப். அவ்ளோதான், ஊர் ஊரா அந்தக் கடையோட கிளைகளுக்குப் போய் மொத்தமா அள்ளிட்டார். "எதுக்கு சார் இவ்ளோ?"ன்னு கேட்டவங்ககிட்ட, "ஒய்2கே வருதுல்ல, ஸ்டாக் வைக்கிறேன்"னு ஒரு பிட்டு!

வாங்கியாச்சு, பன்னிரண்டாயிரம் லேபிளை யார் உரிக்கிறது? அங்கேதான் நிக்குறார் நம்ம ஆளு. சால்வேஷன் ஆர்மிகிட்ட (நம்ம ஊர்ல ரட்சணிய சேனைன்னு சொல்வாங்களே, அவங்கதான்) "புட்டிங்கை எல்லாம் நீங்களே எடுத்துக்கங்க, லேபிளை மட்டும் உரிச்சுக் கொடுங்க"ன்னு டீல் போட்டார். தானம் கொடுத்ததுக்கு வருமான வரியில கழிவு வேற. செலவு மொத்தம் 3,140 டாலர். வரவு 12 லட்சத்து 53 ஆயிரம் மைல். 2002-ல வந்த 'பஞ்ச்-ட்ரங்க் லவ்' படத்தில் ஆடம் சாண்ட்லர் புட்டிங்கா வாங்கிக் குவிப்பாரே, அந்த ஐடியா இவர்கிட்ட இருந்து வந்ததுதான்.

ஹாஸ்டல்ல இந்தக் கதையைச் சொன்னா எவனும் தூங்கலை. "மச்சி, நம்ம வீட்ல மாசாமாசம் பருப்பும் புளியும் வாங்குறோம். அதுல ஒரு டிக்கெட் தேத்த முடியாதா?" நியாயமான கேள்வி. இப்போ எந்தக் கல்லூரி வாசல்ல பார்த்தாலும் டேபிள் போட்டு 'ரிவார்டு பாயின்ட், ஃப்ரீ டிராவல்'னு கூவுறாங்க. படிப்பு முடிச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே நம்ம கையிலயும் ஒரு கார்டைத் திணிப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒருவாட்டி கணக்குப் போட்டுப் பார்த்துடலாமேன்னு, செமஸ்டர் லீவ்ல திருச்சி வீட்டுக்குப் போனதும் அம்மாவோட செலவு நோட்டை வாங்கினேன்.

நாங்க அஞ்சு பேர். அப்பா, அம்மா, பாட்டி, தங்கச்சி, நான். மாசச் செலவு சுமார் 34,000 ரூபாய். 'ஆஹா, 34 ஆயிரத்துக்கும் பாயின்ட்!'னு குதிக்கக் கூடாது. வாடகை 9,000, சீட்டு 4,000, பால்-காய்கறி-மீன் 4,000, பெட்ரோல் 2,000... இதுல எதுவும் தேறாது. மீன்காரம்மாகிட்ட கார்டு நீட்டவா முடியும்? பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏத்துறது, இதுக்கெல்லாம் பல கார்டுகள்ல பாயின்ட்டே கிடையாது. கரன்ட் பில், அரசாங்கக் கட்டணம்னு ஒவ்வொண்ணா சில பேங்குகள் கத்தரி போட்டிருக்கு. கடைசியில நின்னது சூப்பர் மார்க்கெட் 7,000, பாட்டி மருந்து 2,500, போன்-நெட்-கேஸ் 2,500, தீபாவளி பொங்கல் ஜவுளியை 12 மாசத்துக்குப் பிரிச்சா 3,000. ஆக 15,000.

125 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய்னு தர்ற ஒரு கார்டை வெச்சுக்குவோம். மாசம் 120 பாயின்ட். வருஷத்துக்கு 1,440 ரூபாய். இதுல கார்டோட வருஷக் கட்டணம் 500, அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., சேர்த்து 590 போச்சு. மிச்சம் 850. ஸ்லீப்பர்ல திருச்சியில இருந்து சென்னைக்கு மூணு பேர் ஒருவழி போகலாம். பாட்டி, அம்மா, தங்கச்சி பெர்த்ல. அப்பாவும் நானும் அன்ரிசர்வ்டுல தொங்கிட்டு!

இதைக் கேட்டதும் பாட்டி சொன்ன ஒரே வார்த்தை, "எனக்கு முன்னாடி பாதி டிக்கெட்தானடா?" சரியான பாயின்ட்! 58 வயசு தாண்டின பெண்களுக்கு ரயில்ல 50 சதவீதம், 60 தாண்டின ஆண்களுக்கு 40 சதவீதம் சலுகை இருந்துச்சு. 2020 மார்ச்ல, கொரோனா சமயத்துல நிறுத்தினாங்க. எந்தக் கார்டும் இல்லாம, வயசு ஆனதுக்காக மட்டுமே கிடைச்ச தள்ளுபடி அது. அந்த 50 சதவீதம் எங்கே, இந்த முக்கால் சதவீதம் எங்கே!

கவனிச்சீங்களா, 'முக்கால் சதவீதம்'னு சொன்னேன். விஷயமே அதுலதான் இருக்கு. விளம்பரத்தில் பாயின்ட்டோட எண்ணிக்கையைத்தான் பெருசா போடுவாங்க. '100 ரூபாய்க்கு 4 பாயின்ட்'னு ஒரு கார்டு, '125-க்கு 1'னு ஒரு கார்டு. முதல் கார்டு அஞ்சு மடங்கு உசத்தி மாதிரித் தெரியும். ஆனா அந்த 4 பாயின்ட்டும் தலா 25 காசுதான்னா 100-க்கு 1 ரூபாய். இன்னொண்ணு 100-க்கு 80 காசு. வித்தியாசம் வெறும் 20 காசு! அதே 25 காசு பாயின்ட்டைக் கொடுத்து கேட்டலாக்ல ஒரு டோஸ்டர் வாங்கினா, பல சமயம் மதிப்பு இன்னும் கீழே போயிடும். பாயின்ட் எத்தனைன்னு கேட்காதீங்க, 'கழிக்கும்போது ஒரு பாயின்ட் எத்தனை காசு?'ன்னு கேளுங்க. டேபிள் போட்டிருக்கிற அண்ணன் முழிப்பார் பாருங்க.

அப்படிப் பார்த்தா சில இடத்துல கார்டை நீட்டுறதே நஷ்டம். காலேஜ் ஃபீஸை ஆன்லைன்ல கிரெடிட் கார்டு வழியாக் கட்டினா 1 சதவீதம் கூடுதல் கேட்குதுன்னு வைங்க. கிடைக்கிறது 0.8. 'ஒரே ஸ்வைப்புல எவ்ளோ பாயின்ட்!'னு சந்தோஷப்பட்டுக்கிட்டே கைக்காசை விடுறோம்.

அண்ணாச்சி vs பாயின்ட்

"தெருமுனை அண்ணாச்சி கடையில வாங்குறதையும் சூப்பர் மார்க்கெட்டுக்கு மாத்தினா என்னம்மா?"ன்னு கேட்டேன். அந்த மீன், காய்கறிக் கணக்குக்குள்ளேயே சில்லறையா ஒரு 1,000 ரூபாய் அண்ணாச்சிக்குப் போகுது. மாத்தினா மாசம் 8 பாயின்ட் கூடும்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "எட்டு ரூபாயா? மாசக் கடைசியில நோட்டுல எழுதிட்டு சரக்கு கொடுக்கிறார், வட்டியா கேட்கிறார்? கறிவேப்பிலை கொத்தமல்லி சும்மா போடுறாரே, அதை உன் கார்டு போடுமா?"

போடாது! ஒரு கட்டு கொத்தமல்லி விலையில அந்த மாச பாயின்ட் காலி.

சரி, பேங்க் ஏன் நமக்கு பாயின்ட் தருது? நம்ம மேல பாசமா? நாம கார்டு தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் பில்லுல ஒரு பங்கை பேங்குக்குக் கட்டணமாக் கொடுக்கிறார். அதுல ஒரு துளிதான் பாயின்ட்டா நம்மகிட்ட வருது. பேங்க் கணக்குல இருந்து யு.பி.ஐ.ல அனுப்பினா, 2020 ஜனவரியில இருந்து கடைக்காரருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. அதான் அங்கே கார்டு மாதிரி பாயின்ட் மழையும் கிடையாது. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோட இணைக்க 2022-ல ரிசர்வ் பேங்க் அனுமதிச்ச பிறகு, டீக்கடை ஸ்கேனர்ல கூட கிரெடிட் கார்டு ஓடுது. ஆனா ஃப்ரெண்டுக்கு அனுப்ப முடியாது, கடைக்கு மட்டும்தான்.

கடைக்காரர் காசு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருக்கே, அதைச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்.

எங்க தெருவுல ஒரு அண்ணன். நல்ல வேலை, நல்ல மனுஷன். கார்டு பில்லுல 'மினிமம் டியூ'ன்னு ஒரு சின்னத் தொகை போட்டிருக்கும்ல, 'அதைக் கட்டினா போதும்போல'ன்னு நினைச்சு மாசாமாசம் அதை மட்டும் கட்டிட்டு வந்தார். லேட் ஃபீஸ் வரலை, போனும் வரலை. வட்டி மட்டும் சத்தமில்லாம ஏறிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அண்ணி நகை அடகுக்குப் போனதுதான் மிச்சம். அவர் வாங்கினது ஒரு ஃப்ரிட்ஜும் கொஞ்சம் துணியும்!

கார்டு வட்டி மாசம் 3.5 சதவீதம்னா கேட்க அற்பமா இருக்கும். வருஷத்துக்கு 42 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல சொன்னதை, 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. எங்க வீட்டுக் கணக்குக்கே வருவோம். அந்த 15,000-ஐ ஒரே ஒரு மாசம் கட்டாம விட்டா வட்டி 525, அதுக்கு ஜி.எஸ்.டி. 94 ரூபாய் 50 காசு, ஆக 619 ரூபாய் 50 காசு. லேட் ஃபீஸ் தனி. மாசம் 120 பாயின்ட்டா சேர்த்த அஞ்சு மாச உழைப்பு ஒரே மாசத்துல காலி! அதுமட்டுமில்லை, பழைய பாக்கி இருக்கும்போது புதுசா வாங்குற பொருளுக்கும் அந்த 'வட்டியில்லா நாட்கள்' கிடையாது, வாங்கின அன்னிக்கே மீட்டர் ஓடும். ஏ.டி.எம்.ல அந்தக் கார்டைப் போட்டு பணம் எடுத்தா, எப்பவுமே முதல் நாள்ல இருந்தே வட்டி.

முழுசாக் கட்டுறவனுக்கு பேங்க் பாயின்ட் கொடுக்குது. முழுசாக் கட்டாதவன்கிட்ட 42 சதவீதம் வாங்குது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் உறுத்துது. நான் ஓசியில போற ரயிலுக்கு அந்த அண்ணன் மாதிரி யாரோதானே டிக்கெட் எடுக்கிறாங்க? வேணாம்னு விடுற அளவுக்கு நான் மகான் இல்லை. ஆனா ஹாஸ்டல்ல எவனாவது "மினிமம் கட்டினா போதும்டா"ன்னு சொன்னா சட்டையைப் பிடிக்கிறேன்.

ஊறுகாய் போடாதீங்க

சேர்க்கிறவங்க பண்ற இன்னொரு வேலை, பாயின்ட்டை பத்திரமா பூட்டி வைக்கிறது. 'ஒருநாள் சிங்கப்பூர் போலாம்'னு. பாயின்ட் என்ன தங்கமா, விலை ஏற? ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை பாயின்ட்ங்கிறதை கொடுத்தவங்களே நினைச்சா மாத்தலாம். காலாவதி தேதியும் இருக்கும். சில சமயம் கம்பெனியே இருக்காது! கிங்ஃபிஷர் 2012 அக்டோபர்ல நின்னுச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதியோட நின்னுச்சு. வருஷக்கணக்கா மைல் சேர்த்தவங்களுக்கு அந்த விமானமே இல்லை. விஸ்தாராக்காரங்க கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள், 2024 நவம்பர்ல ஏர் இந்தியாவோட இணைஞ்சப்போ பாயின்ட்டும் கூடவே போயிடுச்சு. இன்னொண்ணு, மைல் கொடுத்து எடுக்கிற 'ஃப்ரீ' விமான டிக்கெட்டுக்கும் வரியும் கட்டணங்களும் கைக்காசுதான். தவிர, நாம கேட்கிற தீபாவளி நாளுக்கு அந்த சீட் இருக்கணுமே!

அதனால எங்க வீட்டுக்கு ரயில்தான் சரின்னு தோணுச்சு. ஐ.ஆர்.சி.டி.சி.யும் எஸ்.பி.ஐ. கார்டும் சேர்ந்து விடுற கார்டு இருக்கு, பாயின்ட்டை டிக்கெட்டுலயே கழிச்சுக்கலாம். ஆனா இதுலயும் ஒரு டைமிங் இருக்கு. 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 120 நாள்ல இருந்து 60 நாளாக் குறைஞ்சிடுச்சு. பொங்கலுக்கு நவம்பர் நடுவுல புக்கிங் திறக்கும், திறந்த சில நிமிஷத்துல வெயிட்டிங் லிஸ்ட். தீபாவளி ஜவுளிக்கு வர்ற பாயின்ட் கணக்குல ஏறுறதுக்குள்ள பெர்த் போயிடலாம். அதனால பொங்கலுக்குக் கழிக்கணும்னா அக்டோபருக்குள்ள கையில இருக்கிறதுதான் கணக்கு.

அப்பாவுக்கு 'கடன் அட்டை'ன்னாலே அலர்ஜி. தெருவுல நடந்ததைப் பார்த்தவராச்சே. ரெண்டு நிபந்தனையோட சம்மதிச்சார். மாசாமாசம் மொத்த பில்லும் அவர் சம்பளக் கணக்குல இருந்து தானாப் போகணும், மினிமம் இல்லை. அப்புறம், பாயின்ட்டுக்காக ஒரு சோப்பு கூட அதிகமா வாங்கக் கூடாது.

கார்டு அப்பா பேர்ல. அம்மாவுக்கு சம்பளச் சான்று இல்லாததால ஆட்-ஆன் கார்டு. அதுல செலவு பண்ணினாலும் பாயின்ட் முதன்மைக் கார்டுக்காரர் கணக்குலதான் ஏறும்.

"செலவைப் பார்த்துப் பார்த்துப் பண்றது நான், பாயின்ட் உங்கப்பாவுக்கா?"

வீட்டில் அரை மணி நேரம் பஞ்சாயத்து. தீர்ப்பு: பாஸ்வேர்டு என்கிட்ட, எந்த ஊர்ங்கிற முடிவு அம்மாகிட்ட. திருச்செந்தூராம். பாட்டிக்கு லோயர் பெர்த் கட்டாயம். இப்போதைக்குக் கையில 486 பாயின்ட்.