ஒரே மலை, பல புல்வெளிகள்

நீலகிரியில் முக்குருத்தியை ஒட்டிய மலைகள் தூரத்துப் பார்வைக்கு ஒரே பச்சை. இறங்கி நடந்தால் சில அடிகளுக்குள்ளேயே செடிகள் மாறிவிடும். முகட்டுப் பாறையில் விரற்கடை மண்தான்; குட்டைப் புற்களே அங்கு பிழைக்கும். சரிவில் மண் கொஞ்சம் ஆழம். அங்கே குறிஞ்சிப் புதர்களும், மழை பெய்ததும் கிழங்கிலிருந்து முளைக்கும் தரை ஆர்க்கிட்களும் உண்டு.

பள்ளத்துச் சதுப்பில் குனிந்து பாருங்கள். சிவந்த மயிர்களின் நுனியில் பசைத்துளி மின்ன அழுகண்ணிச் செடி நிற்கும். ஒட்டிக்கொண்ட பூச்சியைக் கரைத்து நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். சதுப்பின் அமில மண்ணில் நைட்ரஜன் அவ்வளவு அரிது. இங்குள்ள பழங்குடியினரான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் சதுப்பில்தான் வளர்கிறது. நீலகிரிக்கே உரிய புல் அது.

எங்கே எந்தச் செடி வளரும் என்பதை நீரும் மண்ணும் மட்டும் தீர்மானிப்பதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளின் உறைபனியில் திறந்தவெளியில் முளைத்த சோலை மரக்கன்றுகள் கருகிப்போகும். புல்லின் குருத்தோ தரையோடு ஒட்டியிருப்பதால் மறுபடி துளிர்க்கிறது. தோடர்களின் எருமையும் வரையாடும் உயரமான புல்லை மேய்ந்துவிட்டால், அடியில் கிடக்கும் சிறு செடிகளுக்கு வெயில் கிடைக்கும். கோடையில் தோடர்கள் வைத்துவந்த தீயும் காய்ந்த சருகை அகற்றியது. எந்த ஒரு செடியும் முழுதாக வென்றுவிடாதபடி இந்தச் சிரமங்கள் தடுத்ததால்தான் இத்தனை வகைகள் சேர்ந்து வாழ முடிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இந்தப் புல்வெளி காடழிந்து உண்டானதல்ல. நீலகிரிச் சதுப்பு மண்ணின் கார்பனை ஆராய்ந்து 1993இல் சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் பரந்திருந்ததைக் காட்டியது. ஆனால் ஆங்கிலேயருக்கு இது வெறும் தரிசு. அவர்கள் கொண்டுவந்த சீகை மரத்தை, விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காக ஏராளமாக நட்டோம். சீகை நிழலால் புல்லை மூடுகிறது. வேரின் நுண்ணுயிர்களால் மண்ணில் நைட்ரஜனைக் கூட்டுகிறது. வறிய மண்ணுக்குப் பழகிய செடிகளுக்கு இரண்டுமே கேடு.

வெட்டிப் போட்டாலும் சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் கூட்டமாக முளைக்கும். ஆகவே புல்வெளியை மீட்க ஆண்டுதோறும் சீகைக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும், உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்துத் தூராக நட வேண்டும். ஒரே புல்லை எங்கும் நட்டால் மலை பச்சையாகும், அவ்வளவே. முகட்டுக்கு முகட்டுப் புல், சதுப்புக்குச் சதுப்புப் புல் என்று பிரித்து நட வேண்டும். சதுப்புப் புல் நிலைக்க, அதற்கு முன், வற்றிப்போன சதுப்புப் பள்ளங்களில் நீர் மீண்டும் தேங்க வேண்டும்.