நாபோத்தின் திராட்சத் தோட்டம்

கி.மு. 9ஆம் நூற்றாண்டில் இஸ்ரவேலை ஆண்ட ஆகாப் மன்னன், யெஸ்ரயேலில் தன் அரண்மனையை அடுத்திருந்த, நாபோத் என்பவனின் திராட்சத் தோட்டத்தைக் கீரைத் தோட்டமாக்க விரும்பி, விலையோ மாற்று நிலமோ தருவதாகச் சொல்லியும், பிதிரார்ஜிதத்தைக் கைவிட நாபோத் இசையாதபோது, படுக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உணவை மறுத்தான். அரசி யேசபேலோ, அரச முத்திரையிட்ட கடிதங்களை மூப்பர்களுக்கு அனுப்பி, இரண்டு பொய்ச்சாட்சிகளைக் கொண்டு தேவதூஷணப் பழி சுமத்தி, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள். நியாய விசாரணையின் சம்பிரதாயங்கள் அனைத்தும் குறைவின்றி அனுஷ்டிக்கப்பட்டதே இக்கொலையின் மகா கொடூரம் என்பேன்.

ஆகாப் அபகரித்த தோட்டத்திலேயே தீர்க்கதரிசி எலியா எதிர்ப்பட்டு, நாபோத்தின் இரத்தத்தை நக்கிய நாய்கள் மன்னன் இரத்தத்தையும் நக்கும், அவன் வம்சமும் நாசமாகும் என்று தெய்வத் தீர்ப்பை உரைத்தார். ஆகாப் இரட்டுடுத்தி உபவாசமிருந்ததால், வம்ச நாசம் மகன் காலத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஆயினும் ராமோத்தில் நடந்த போரில், மாறுவேடம் பூண்டிருந்த அவனது கவசத்தின் இடுக்கில், எவனோ ஒருவன் குறியின்றி எய்த அம்பு தைத்தது; சமாரியாவின் குளத்தருகே இரதத்தைக் கழுவியபோது நாய்கள் வந்து நக்கின.